போனதும் போயிருப்பதும்



தாராபுரம் பேருந்து நிலையத்தில், பழனிக்குப் போக வந்து நிற்கும் ஒருவர், அங்கே கடை வைத்திருப்பவரிடம் வண்டியைப் பற்றி விசாரித்தால், "பழனி பஸ் போயிருச்சுங்க" என்று பதில் வரும். எப்போது போயிற்று என்று மேலும் கேட்டால், "ஆறு மணிக்கே போச்சுங்க" என்பார். இரண்டு பதில்களிலும் நிகழ்ச்சி ஒன்றுதான், வினையும் ஒன்றுதான். ஆயினும் முதற்பதில், வண்டி இப்போது இங்கே இல்லை என்னும் நிகழ்கால நிலைமையைத் தெரிவிக்கிறது. இரண்டாவது பதில், கழிந்துபோன ஒரு வேளையைச் சுட்டி, அவ்வேளையில் நடந்ததைத் தெரிவிக்கிறது. பள்ளிக்கூடத்தின் வாசலை மிதியாதவர்கூட இந்தச் சூட்சுமமான பேதத்தைப் பிழையின்றிப் பிரயோகிக்கும்போது, பட்டம் பெற்றவர்களே ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான 'கோ' என்னும் வினையை எழுதுமிடத்துக் காலம் தவறிவிடுவது ஏன் என்பதையும், அதற்குப் பரிகாரம் யாது என்பதையும் இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் அந்த வினையின் உருவங்களை எண்ணிப் பார்ப்போம். 'கோ', 'கோஸ்', 'கோயிங்', 'வென்ட்', 'கான்' ஆகிய ஐந்தே உருவங்கள். இவற்றுள் 'வென்ட்' என்பது மட்டும் மற்றவற்றோடு ஒலியொற்றுமை சிறிதும் இல்லாமல் நிற்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'கோ'வின் இறந்தகாலத்திற்கு இன்று வழக்கொழிந்துவிட்ட வேறொரு சொல் இருந்தது. அது தேய்ந்து மறைந்த பிறகு, திரும்புதல், வழிநடத்தல் என்னும் பொருளுடைய 'வெண்ட்' என்ற மற்றொரு வினையின் இறந்தகால உருவம், ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டளவில், அந்த இடத்திற்கு நிலையாக வந்து அமர்ந்துவிட்டது. ஆகவே 'கோ'வைக் கொண்டு 'வென்ட்'டை யாரும் ஊகித்தறிய இயலாது. மனப்பாடம் செய்வதே வழி. நம் மாணவர்கள் அதைச் செம்மையாகவே செய்துவிடுகிறார்கள். உருவங்களை ஒப்பிக்கச் சொன்னால் தடையின்றி ஒப்பிப்பவர்கள், வாக்கியத்தில் அவற்றை அமைக்கும்போதுதான் இடறுகிறார்கள்.

அவ்விடறல்களில் முதலாவது, துணைவினையைப் பற்றியது. 'வென்ட்' என்பது தனித்து நிற்கும் முற்று. அதற்கு முன்னே 'ஹேவ்' என்றோ 'ஹேட்' என்றோ ஒரு துணை வரலாகாது. 'கான்' என்பதோ அத்தகைய துணையில்லாமல் முற்றாக நிற்கும் சக்தியற்றது. ஆகையால் 'ஐ வென்ட்' என்பது சரி, 'ஐ ஹேவ் கான்' என்பதும் சரி. 'ஐ ஹேவ் வென்ட்' என்பதும், 'ஐ கான்' என்பதும் பிழை. இதைப் போலவே 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதுவதும் பிழை. இந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளத் தமிழே நமக்குத் துணை செய்யும். 'போகவில்லை' என்று நாம் சொல்லும்போது, 'போக' என்பதில் காலம் காட்டும் இடைநிலை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'போனேன்' என்பதோடு 'இல்லை'யை ஒட்டி 'போனேனில்லை' என்று நம்மில் யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்திலும் எதிர்மறையிலும் வினாவிலும் 'டிட்' என்னும் சொல்லே காலத்தைத் தாங்கிக்கொள்வதால், அடுத்து வரும் வினை காலச்சுமை ஏதுமின்றி 'கோ' என்று வெறும் உருவத்திலேயே நிற்கிறது.

இனி, இவ்விஷயத்தின் மையத்திற்கு வருகிறேன். 'போன வருஷம் பழனிக்குப் போயிருக்கிறேன்' என்று தமிழில் சொல்லலாம். அதில் குற்றம் காண்பார் யாருமில்லை. 'போயிருக்கிறேன்' என்பதன் ஈற்றில் நிகழ்காலம் இருந்தும், கழிந்த ஆண்டைக் குறிக்கும் சொல்லை அது தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தின் 'ஹேவ் கான்' அப்படிப்பட்டதன்று. 'ஹேவ்' என்பது நிகழ்காலச் சொல்லாகையால், முடிந்த செயலை இந்தக் கணத்தோடு பிணைத்துக் காட்டுவதே அதன் தொழில். நேற்று, போன வாரம், ஆறு மணிக்கு, 2009-இல் என்றெல்லாம் கழிந்த காலத்தில் ஓர் எல்லையைச் சுட்டிவிட்டால், அந்தக் கணமே 'ஹேவ்' விலகி, 'வென்ட்' வந்தாக வேண்டும் என்பது அப்பாஷையின் நியதி. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் கடிதம் எழுதும் வேலைக்கு நம் தாராபுரத்து இளைஞர் ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர், சரக்கு போய்விட்டதா என்று விசாரிக்கிறார். 'தி கூட்ஸ் ஹேவ் கான்' என்று பதில் எழுதினால் அது சரி. சரக்கு இப்போது இங்கே இல்லை என்பது தெளிவாகிறது. 'தி கூட்ஸ் வென்ட் ஆன் ஃப்ரைடே' என்று எழுதினால் அதுவும் சரி. வெள்ளிக்கிழமை என்னும் எல்லை தெளிவாகிறது. 'தி கூட்ஸ் ஹேவ் கான் ஆன் ஃப்ரைடே' என்று இரண்டையும் கலந்து எழுதும்போதுதான் வாசிப்பவரின் செவியில் அது இடறுகிறது. எழுதியவரின் அறியாமையை அது காட்டவில்லை. 'வெள்ளிக்கிழமையே போயிருக்குதுங்க' என்னும் நல்ல தமிழ் வாக்கியம் அதனுள்ளே ஒளிந்து நிற்கிறது என்பதையே காட்டுகிறது.

அதே 'போயிருக்கிறார்' என்னும் சொல்லில் இன்னுமொரு நுட்பம் உண்டு. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்துப் பாதயாத்திரை போகும் வழக்கம் நம் பக்கத்தில் இன்றும் குறையவில்லை. 'அப்பா பழனிக்குப் போயிருக்கிறார்' என்று ஒரு வீட்டுப் பிள்ளை சொன்னால், அவர் இப்போது வீட்டில் இல்லை, பழனியிலோ வழியிலோ இருக்கிறார் என்று பொருள் கொள்கிறோம். 'அப்பா மூன்று தடவை பழனிக்குப் போயிருக்கிறார்' என்றாலோ, போய்த் திரும்பிய அனுபவம் அவருக்கு உண்டு என்று பொருளாகிறது. அவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஒரே உருவம் இரண்டு பொருளுக்கும் தமிழில் பயன்பட, ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடுகிறது. போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஹேஸ் கான்'. போய்த் திரும்பிவிட்டார் என்றால் 'ஹேஸ் பீன்'. நேர்முகத் தேர்வில், டில்லிக்குப் போனதுண்டா என்ற கேள்விக்கு 'ஐ ஹேவ் கான் டு டெல்லி' என்று விடையிறுப்பவர், தாம் இப்போது டில்லியில் இருப்பதாகத் தம்மை அறியாமலே கூறிவிடுகிறார். எதிரே உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லவேண்டியது 'ஐ ஹேவ் பீன் டு டெல்லி' என்பதே.

'நேற்று கோயமுத்தூர் போயிருந்தேன்' என்று நாம் அன்றாடம் சொல்வதும் இவ்வகையானதே. தமிழில் அது வெறும் ஒரு செய்தி. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'ஐ ஹேட் கான் டு கோயமுத்தூர் எஸ்டர்டே' என்று எழுதினால், ஆங்கிலம் வாசிப்பவர், இதற்குப் பின் வேறேதோ நடந்திருக்க வேண்டுமே, அது என்ன என்று காத்திருப்பார். ஏனெனில் 'ஹேட் கான்' என்பது, கழிந்துபோன இரண்டு நிகழ்ச்சிகளுள் முந்தியது எது என்று காட்டுவதற்கே ஏற்பட்டது. 'நான் நிலையத்தை அடைந்தபோது வண்டி போய்விட்டிருந்தது' என்பது போன்ற இடத்தில்தான் அதற்கு உரிமை உண்டு; தனியொரு நிகழ்ச்சிக்கு 'ஐ வென்ட்' என்பதே போதும்.

எதிர்காலத்திலும் இத்தகைய வேறுபாடு இருக்கிறது. 'எங்க மாமா வாராவாரம் கன்னிவாடிச் சந்தைக்குப் போவாருங்க' என்னும் வாக்கியத்தில் 'போவார்' என்பது உருவத்தால் எதிர்காலம், பொருளால் வழக்கம். இவ்வழக்கத்தை ஆங்கிலத்தில் 'ஹி வில் கோ' என்று பெயர்ப்பது மிகப் பரவிய பிழை. வழக்கமாக நிகழ்வதற்கு ஆங்கிலம் நிகழ்காலத்தையே விதித்திருப்பதால், 'ஹி கோஸ் டு தி மார்க்கெட் எவ்ரி வீக்' என்பதே முறை. 'சின்ன வயசுல அமராவதி ஆத்துக்குக் குளிக்கப் போவோமுங்க' என்று பெரியவர்கள் நினைவுகூரும்போது வருவதும் அதே எதிர்கால உருவந்தான். அதற்கு ஆங்கிலத்தில் 'வி யூஸ்ட் டு கோ' என்று இறந்தகால வழக்கத்தைக் குறிக்கும் பிரயோகம் தனியே உண்டு. 'நாளைக்கு நான் போகும்போது' என்பதில் உள்ள 'போகும்' என்பதைப் பார்த்து 'வென் ஐ வில் கோ' என்று எழுதுவோரும் பலர். அவ்விடத்தில் 'வென் ஐ கோ' என்பதே ஆங்கில மரபு.

இவற்றையெல்லாம் கேட்கும்போது, தமிழ் காலவரையறை இல்லாத பாஷை என்று யாரும் எண்ணிவிடலாகாது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தில் தோன்றியவர் என்பது கொங்கு நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் மரபு. காலம் காட்டும் இடைநிலைகளை வரிசைப்படுத்தி வகுத்த அப்பெரியார், அவ்வளவில் நின்றுவிடாமல், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக மாறி வருவதையும் வழுவன்று என அமைதி கூறியிருக்கிறார். கடைக்கு அனுப்பப்படும் சிறுவன், இருந்த இடத்தை விட்டு எழுவதற்கு முன்பே "இதோ போயிட்டேனுங்க" என்கிறான் அல்லவா? இனி நிகழவேண்டிய செயலை விரைவு காரணமாக நிகழ்ந்துவிட்டதாகச் சொல்வது அது. விருந்துக்கு வந்தவர் விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்லாமல் "போயிட்டு வாரனுங்க" என்பதும், பிரிவை அமங்கலமாக்காமல் மீண்டும் வருவதைச் சேர்த்துச் சொல்லும் நம் சம்பிரதாயம். இவை நம் பாஷையின் செல்வங்கள். ஆனால் 'ஐ ஹேவ் கான்' என்று சிறுவனும், 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று விருந்தினரும் ஆங்கிலத்தில் சொன்னால், முன்னதில் செயல் முடிந்துவிட்டதென்றும், பின்னதில் உடனே திரும்பி வரப்போகிறாரென்றும் கேட்பவர் கொள்ள நேரிடும். பாஷைக்குப் பாஷை காலத்தைப் பங்கிடும் முறை வேறு. அந்த வேற்றுமையை அறியாமல் ஒன்றன் வரம்புக்குள் மற்றொன்றை நட்டுவிடுவதே எல்லாப் பிழைகளுக்கும் வித்து.

ஆங்கிலக் காலங்களைக் கற்பிப்பதற்கு நம் நாட்டில் பல முறைகள் கையாளப்பட்டிருக்கின்றன. ரென், மார்ட்டின் இருவரும் சேர்ந்து இயற்றிய இலக்கண நூலைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். 1950-களில் சென்னை ராஜ்யத்துப் பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளையே வரிசையாகப் பழக்கும் புதிய முறை புகுந்தது. அம்முறையில் ஆசிரியர் கதவை நோக்கி நடந்துகொண்டே 'ஐ ஆம் கோயிங் டு தி டோர்' என்பார். திரும்பி வந்து நின்றபின் 'ஐ வென்ட் டு தி டோர்' என்பார். செயலும் சொல்லும் ஒரே கணத்தில் பிள்ளைகளின் மனத்தில் பதிந்தமையால் அதற்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. நூல் வழியும் வேண்டும், செயல் வழியும் வேண்டும். ஆயினும் இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்று சேராதவரை பயன் முழுமை பெறாது என்பது என் திடமான அபிப்பிராயம். 'போனேன்' என்பதற்கும் 'போயிருக்கிறேன்' என்பதற்கும் 'போயிருந்தேன்' என்பதற்கும் 'போவேன்' என்பதற்கும் தமிழில் என்ன வித்தியாசம் என்பதை மாணவனே சொல்லிப் பார்க்க வேண்டும்; சொல்லிய பின்னரே, ஆங்கிலம் எந்த இடத்தில் தமிழோடு சேர்ந்து நடக்கிறது, எந்த இடத்தில் பிரிந்து போகிறது என்பதை ஆசிரியர் விளக்க வேண்டும்.

ஆகையால் ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் இது: வினையின் உருவங்களை ஒப்பிக்கச் செய்வதோடு நிறுத்தாதீர்கள், ஒவ்வோர் உருவத்தையும் நேற்று, இப்போது, தினமும், நாளை என்னும் காலச் சொற்களோடு கூட்டி முழு வாக்கியமாகப் பேச வையுங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை ஆங்கிலத்தில் தவறாகப் பேசினால் பரிகசிக்க வேண்டாம், அதையே தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், பிழை பிறந்த இடம் அங்கே பெரும்பாலும் புலப்பட்டுவிடும். கற்கும் இளைஞர்களே, ஒரு நாளைக்கு ஒரு வினையை எடுத்துக்கொண்டு, அன்று நீங்கள் உண்மையிலேயே செய்த காரியங்களைப் பற்றி அந்த வினையால் ஐந்தாறு வாக்கியங்கள் எழுதுங்கள். 'கோ' என்னும் இந்த ஒரு வினையில் கைவந்த தெளிவு, 'கம்', 'ஸீ', 'கிவ்' முதலிய மற்ற வினைகளுக்கும் அப்படியே பயன்படும். தாய்மொழியின் காலங்களை ஊன்றி அறிந்தவருக்கு அயல்மொழியின் காலங்கள் வசப்படாமல் போவதில்லை.