குதிரைப் படங்களில் மக்கள் தேடியது நீதியே!

நடுவர் அவர்களே, செஞ்சிப் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? தொப்பி, துப்பாக்கி, குதிரை வச்சு எடுத்த மலிவான படங்கள் நமக்குக் கத்துக் கொடுத்தது பழிவாங்கலைத்தானாம்! அந்தப் படங்களை அவர் எத்தனை தடவை பார்த்திருக்கார்னு அவர் வீட்டம்மாவைக் கேட்டால் தெரியும்! (சிரிப்பு)

ஐயா, அந்தப் படங்கள் வந்த வழியைப் பாருங்க. கதை நடப்பது அமெரிக்க எல்லையில். 1964-இல் அதை எடுத்தவர் இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனி. எடுத்த இடம் ஸ்பெயின். கதையின் மூலமோ ஜப்பானில் குரோசவா 1961-இல் எடுத்த படம்! நம்ம ஊரில் ஒளிப்பதிவாளர் எம். கர்ணன் இயக்குநராகி, ஜெய்சங்கரைக் குதிரையில் ஏத்தினார். 1970-இல் ‘காலம் வெல்லும்’, 1972-இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’. அரண்மனை செட் கிடையாது. ஒரு பாறை, ஒரு குதிரை, அநியாயம் செய்றவன் ஒருத்தன், கேட்கிறவன் ஒருத்தன். ஏன் இத்தனை நாட்டுக்கும் பொருந்துச்சு? நியாயத்துக்கு ஏங்காத நாடு இல்லை!

ஜனங்களுக்குப் பழிதான் பிடிக்கும்னா, ‘ஷோலே’க்கு என்ன பதில்? முதலில் எடுத்த முடிவில் தாக்கூர் கப்பர்சிங்கைக் கொன்னுடுவார். தணிக்கையில் ஒத்துக்கலை. போலீஸ் வந்து பிடிக்கிற மாதிரி மாத்தினாங்க. 1975-இல் அந்த முடிவோடதான் படம் வந்தது. ஜனங்க கோவிச்சுக்கிட்டு எழுந்து போனாங்களா? பம்பாய் மினர்வா தியேட்டரில் அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடுச்சு! (கைதட்டல்)

அவ்வளவு தூரம் போவானேன்? தலைக்கு மேல நிக்குதே உங்க ராஜகிரி! 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை. 1714-இல் ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து, சின்னப் படையோடு குதிரையேறினார் தேசிங்கு ராஜா. நவாப் கணக்கில் அவர் கலகக்காரர். போரில் ஜெயிச்சது நவாப். ஆனா கதைப்பாடல் யாருக்கு? 1960-இல் எம்.ஜி.ஆர். நடிச்ச படம் யார் பேரில்? தோத்தவர் பேரில்! ஜெயிச்சவன் துப்பாக்கியைக் கும்பிடுற ஜனமாக இருந்தால், தோத்தவனுக்கு 300 வருஷமாகப் பாடுமா? (கைதட்டல்)

கடைசியாக ஒண்ணு. என் அப்பாவுக்கு ஒரு வரப்புத் தகராறு. 11 வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். வாய்தா, வாய்தா, வாய்தா! ஒரு ராத்திரி டூரிங் டாக்கீஸில் மணலைக் குவிச்சு உட்கார்ந்து ஜெய்சங்கர் படம் பார்த்தோம். வெளியே வந்ததும் சொன்னார்: “கொடுத்து வச்சவன்டா, இவன் கேஸு ராத்திரியோட முடிஞ்சுபோச்சு.”

மறுநாள் அவர் அரிவாளைத் தூக்கினாரா? இல்லை நடுவர் அவர்களே! சலவை வேட்டியைக் கட்டிக்கிட்டு, மஞ்சப்பையில் பத்திரத்தை வச்சுக்கிட்டு, மறுபடி கோர்ட்டுக்குத்தான் நடந்தார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாகத்தான் வந்தது. கேட்கத்தான் அவர் இல்லை.

நீதி நடந்து வர்ற ஊரில், ஜனங்க அது குதிரையில் வர்றதாகக் கனவு காண்பாங்க. அந்தக் கனவைப் பழின்னு சொல்லாதீங்க. நீதி சீக்கிரம் வரட்டும். குதிரையை நாம வேடிக்கை பார்த்துக்கலாம்!

(பலத்த கைதட்டல்)