படிவமும் அது போகும் பாதையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் உறுப்பினர் பதிவையும் புலமைப்பரிசில் விண்ணப்பங்களையும் இந்த நூற்றாண்டு வருடத்தில் கணினிக்கு மாற்றுவதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அதைப்பற்றி ஒரு வைத்தியர் ஏன் பேசவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். வைத்தியசாலையில் வேலை செய்பவர்களுக்குப் படிவம் புதிதல்ல. அனுமதிச் சீட்டு, பரிசோதனைக்கூடச் சீட்டு, இடமாற்றக் கடிதம், மருந்துச் சீட்டு என்று ஒரே நோயாளியின் பெயரை ஒரே நாளில் பல இடங்களில் எழுதுகிறோம். எந்தப் படிவம் வேலை செய்கிறது, எது மேசையில் தூங்குகிறது என்பதை நாங்கள் நாளாந்தம் காண்கிறோம். அந்த அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கடதாசிப் படிவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதன் பெயர் எச் 544. டெங்கு போன்ற, அறிவிக்கப்படவேண்டிய தொற்றுநோய் ஒருவருக்கு இருக்கலாம் என்று சந்தேகித்த உடனேயே வைத்தியர் இதை நிரப்பவேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக்கூடாது. 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு அடிப்படை. படிவம் நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். அங்கே பதிவேட்டில் பதியப்பட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரித்து, எச் 411 என்ற படிவத்தில் அறிக்கை தருவார். வாரந்தோறும் இவை தொகுக்கப்பட்டு எச் 399 என்ற படிவமாகக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குச் செல்லும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. எச் 544 என்பது ஒரு சிறிய கடதாசி மட்டும்தான். அதற்கு வலுக்கொடுப்பது அது போகும் பாதை. யார் தொடங்குவது, எப்போது தொடங்குவது, அடுத்து யார் கைக்குப் போவது, அவர் என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. அலுவலக மென்பொருள்களில் 'வேர்க்ஃப்ளோ' என்று சொல்வது இதைத்தான். தமிழில் பணிப்பாதை என்று சொல்லலாம். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே எமது நாட்டில் நல்ல பணிப்பாதைகள் இருந்திருக்கின்றன.

கணினி இதில் செய்வது என்ன? ஒருவர் படிவத்தைச் சமர்ப்பித்த அந்தக் கணத்திலேயே அடுத்தவருக்குத் தகவல் போகும். அவர் 'அனுமதிக்கிறேன்' அல்லது 'திருப்பி அனுப்புகிறேன்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் அதற்கேற்ப அடுத்த படி நடக்கும். மூன்று நாட்களில் பதில் வராவிட்டால் நினைவூட்டல் போகும். 'இது நடந்தால் அதைச் செய்' என்ற கட்டளைகளின் தொடர்தான் முழுவதும். மைக்ரோசொஃப்டில் ஃபோர்ம்ஸ், பவர் ஓட்டோமேட் என்பவற்றைக் கொண்டும், கூகுளில் ஃபோர்ம்ஸ், ஷீட்ஸ் என்பவற்றைக் கொண்டும் இதை அமைக்கலாம். எளிய பாதைகளுக்குக் கணினி நிரல் எழுதத் தெரிந்திருக்கவேண்டியதில்லை.

ஆனால் மென்பொருளின் பெயரில் மயங்கவேண்டாம். 2003 ஆம் ஆண்டின் ஒஃபிஸ் தொகுப்போடு மைக்ரோசொஃப்ட் இன்ஃபோபாத் என்ற மென்பொருளை வெளியிட்டது. மின்படிவங்கள் அமைப்பதற்கென்றே வந்தது அது. பெரிய நிறுவனங்கள் பல தங்கள் லீவு விண்ணப்பம் முதல் கொள்வனவுக் கோரிக்கை வரை அதிலே அமைத்தன. 2014 ஆம் ஆண்டு தொடக்கத்தில், இனிப் புதிய பதிப்பு வராது என்று அந்நிறுவனம் அறிவித்தது. கடைசிப் பதிப்புக்கான ஆதரவுக்கு 2026 யூலையை முடிவாகக் குறித்தது. அதிலே எல்லாவற்றையும் கட்டியவர்கள் மீண்டும் முதலிலிருந்து கட்டவேண்டியதாயிற்று. எமது சங்கத்துக்கு வயது நூறு. எந்த மென்பொருளும் அவ்வளவு காலம் இருக்கப்போவதில்லை. ஆகவே எதைப் பயன்படுத்தினாலும், தரவுகளைச் சாதாரண அட்டவணையாக வெளியே எடுத்து வைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். வருடத்தில் இரு தடவையாவது அப்படி எடுத்துப் பாதுகாக்கவேண்டும்.

இனி எங்கள் புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்கு வருவோம். கணினியைத் திறக்கமுன் ஒரு வெள்ளைத்தாளில் பாதையை வரையுங்கள். பிள்ளையோ தாயோ விண்ணப்பிக்கிறார். வகுப்பாசிரியை உறுதிப்படுத்துகிறார். உபகுழு பார்க்கிறது. பொருளாளர் பணம் அனுப்புகிறார். விண்ணப்பித்தவருக்கு முடிவு தெரிவிக்கப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் மூன்று விடயங்களை எழுதுங்கள்: பொறுப்பானவர் யார், எத்தனை நாள், அவர் இல்லாவிட்டால் யார். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பொருளாளர் மகளின் பிரசவத்துக்கு ரொறன்ரோ போனால் விண்ணப்பங்கள் அவருடைய மின்னஞ்சலுக்குள்ளேயே கிடக்கும். ஆகவே படிவம் ஒரு தனிநபரின் கணக்கில் இருக்கக்கூடாது. சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு வேண்டும், அதைத் திறக்கக்கூடியவர்கள் குறைந்தது இருவர் வேண்டும்.

அடுத்தது கேள்விகள். ஒவ்வொரு கேள்வியையும் பார்த்து, 'இந்தப் பதிலைக் கொண்டு நாங்கள் என்ன தீர்மானம் எடுக்கப்போகிறோம்?' என்று கேளுங்கள். தீர்மானம் எதுவும் இல்லையென்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

சில நுட்பமான விடயங்கள் உண்டு. தொலைபேசி இலக்கத்தை எக்செல்லில் எண்ணாகப் பதிந்தால் முன்னாலுள்ள பூச்சியம் மறைந்துவிடும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்கத் தேசிய அடையாள அட்டை எண்ணை, எக்செல் அடுக்குக்குறி வடிவில் சுருக்கிக் காட்டும். ஆகவே இந்த நிரல்களை முதலிலேயே 'எழுத்து' என்ற வகைக்கு மாற்றவேண்டும். திகதியை ஒரே கட்டத்தில் எழுதவிட்டால், 03/04 என்பது மூன்றாம் திகதியா மார்ச் மாதமா என்று பிறகு தெரியாது. நாளும் மாதமும் வருடமும் தனித்தனியாக இருக்கட்டும்.

அடையாள அட்டை எண்ணுக்குள்ளேயே பிறந்த வருடமும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்படும். ஆகவே எழுதிய பிறந்த திகதியோடு அது ஒத்துப்போகிறதா என்று படிவமே சரிபார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால் படிவம் மறுக்கக்கூடாது, 'மீண்டும் பாருங்கள்' என்று மட்டும் சொல்லவேண்டும்.

பெயர் பெரிய தலையிடி. எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதும். தமிழில் எழுதலாமென்றால், எங்கள் பழைய உறுப்பினர் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். யூனிகோடில் ஒருவரின் பெயரைத் தட்டச்சுச் செய்து தேடினால் அந்தப் பட்டியலில் அவர் அகப்படமாட்டார். முதல் வேலையாக அதை யூனிகோடுக்கு மாற்றவேண்டும். அதன்பின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் மாறாத ஒரு இலக்கம் கொடுக்கவேண்டும். வைத்தியசாலையில் ஒரே பெயரில் இருவர் ஒரே விடுதியில் இருக்கும்போது இலக்கம்தான் காப்பாற்றும்.

இன்னொன்று, ஒவ்வொரு கைமாற்றத்திலும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2020 செப்டெம்பர் இறுதிக்கும் ஒக்டோபர் தொடக்கத்துக்கும் இடையில் இங்கிலாந்தில் 15,841 கொவிட் தொற்றாளர்களின் விபரம் நாளாந்தக் கணக்கில் சேராமல் விடுபட்டது. பரிசோதனைக்கூடங்களிலிருந்து வந்த தரவுகளைத் தானாகவே எக்செல் கோப்பில் சேர்த்தார்கள். பழைய வகைக் கோப்பு அது. 65,536 வரிகளுக்கு மேல் அதில் கொள்ளாது. மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. நோயாளிகளுக்கு முடிவு சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை பல நாட்கள் தாமதித்தது. இந்தப் பக்கத்திலிருந்து இத்தனை போனது, அந்தப் பக்கத்துக்கு இத்தனை வந்தது என்று ஒரு கணக்கு இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நாற்பது பிள்ளைகள் விண்ணப்பித்தால், உபகுழுவின் மேசையிலும் நாற்பது இருக்கவேண்டும்.

எங்கள் நாட்டில் நன்றாக நடந்ததையும் சொல்லவேண்டும். அதே 2020 ஆம் ஆண்டு சனவரியில், சுகாதார அமைச்சோடு இணைந்து எமது நாட்டு வல்லுநர்கள், டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மூல மென்பொருளில், நாட்டுக்குள் வருபவர்களைப் பதிந்து பின்தொடர்வதற்கான படிவத்தையும் பாதையையும் மிகக் குறுகிய காலத்தில் அமைத்தார்கள். பிறகு வேறு பல நாடுகள் அந்த முன்மாதிரியை எடுத்துக்கொண்டன. களத்து வேலை தெரிந்தவர்களும் கணினி தெரிந்தவர்களும் ஒரே மேசையில் இருந்ததால்தான் இவ்வளவு விரைவாக முடிந்தது என்பது என் எண்ணம்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன்.

கடதாசிப் படிவத்துக்கு ஒரு ஓரம் உண்டு. கட்டத்துக்குள் அடங்காத பதில் வந்தால் தாதியோ எழுதுவினைஞரோ ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுவார். மின்படிவத்துக்கு ஓரம் கிடையாது. சிவப்பு நட்சத்திரம் போட்ட கேள்விக்குப் பதில் கொடுக்காவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

புலமைப்பரிசில் படிவத்தில் 'தந்தை' என்று போட்டு, 'உயிருடன் இருக்கிறார்', 'காலமாகிவிட்டார்' என்று இரண்டு தெரிவுகள் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிரதேசத்தில், கணவர் எங்கே என்று இன்றுவரை தெரியாத தாய்மார் இருக்கிறார்கள். அந்தத் தாய் கைத்தொலைபேசியில் இந்தக் கேள்விக்கு வருகிறார். 'காலமாகிவிட்டார்' என்பதை அழுத்த அவருக்கு விரல் வராது. 'உயிருடன் இருக்கிறார்' என்று அழுத்தினால், குடும்பத்துக்கு வருமானம் தேடித்தர ஒருவர் இருக்கிறார் என்று படிவம் கணக்கிடும். இரண்டையும் அழுத்தாவிட்டால் படிவம் நகராது. அவர் தொலைபேசியை மூடி வைத்துவிடுவார். எங்களுக்கு அது தெரியவும் வராது. சமர்ப்பிக்காத படிவத்தைப் பற்றி இந்த மென்பொருள்கள் எங்களுக்கு அறிவிப்பதில்லை. எங்கள் பணம் யாருக்காகச் சேர்க்கப்பட்டதோ அவருடைய பிள்ளையே பட்டியலில் இருக்கமாட்டாள்.

நாட்டின் சட்டமே இந்த இடைவெளியை ஏற்றிருக்கிறது. இறப்புகளைப் பதிவுசெய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்துக்கு 2016 இல் வந்த திருத்தத்தின்படி, காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்காமலே, அவர் காணப்படாதிருக்கிறார் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். சட்டம் கொடுத்த இடத்தை எங்கள் படிவம் மறுக்கக்கூடாது. ஆகவே அந்தக் கேள்வியை இப்படி மாற்றுவோம்: 'பிள்ளையின் செலவைப் பார்ப்பவர் யார்?' எங்களுக்குத் தேவையான பதில் அதுதான். மேலும், ஒவ்வொரு பக்கத்திலும் 'வேறு ஏதும் சொல்ல விரும்பினால்' என்று ஒரு வெற்றிடம் விடுவோம். மின்படிவத்துக்கு நாங்கள் கொடுக்கும் ஓரம் அது. அந்தக் கட்டத்தை வாசிப்பதற்கென்று செயற்குழுவில் ஒருவர் பெயர் குறிக்கப்பட்டிருக்கவேண்டும்.

அந்தரங்கம் பற்றியும் ஒரு சொல். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு குடும்பத்தின் வறுமையைப் பற்றிய தகவல் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானது. கூகுள் படிவத்தில், பதில்களின் தொகுப்பை நிரப்பியவர்களுக்கும் காட்டும் ஒரு அமைப்பு உண்டு. அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பதில்கள் சேரும் அட்டவணையை 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். அந்த இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். ஆசிரியைக்கு அவருடைய வகுப்புப் பிள்ளையின் விபரம் மட்டும் போதும். பொருளாளருக்கு வங்கிக் கணக்கு இலக்கமும் தொகையும் போதும்.

கடைசியாக, கடதாசிக் கதவை மூடிவிடாதீர்கள். கூகுள் படிவத்தில் ஆவணம் இணைக்கவேண்டுமென்றால் கூகுள் கணக்கில் உள்நுழையவேண்டும். எல்லாத் தாய்மாரிடமும் அது இல்லை. சிலரிடம் டேட்டாவும் இருக்காது. ஆகவே பாடசாலை அலுவலகத்தில் கடதாசிப் படிவமும் இருக்கட்டும். அதை எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி அதே மின்படிவத்தில் பதியட்டும். உயர்தர மாணவிகளுக்கு இது நல்ல பயிற்சி. பதிந்தவுடன் ஒரு இலக்கத்தை எழுதி அந்தத் தாயின் கையில் கொடுக்கவேண்டும். 'உங்கள் விண்ணப்பம் எங்களிடம் இருக்கிறது' என்பதற்கு அது சாட்சி.

செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். படிவம் தயாரானதும் எங்களில் ஒருவர் மடிக்கணினியில் நிரப்பிப் பார்த்து 'நல்லாயிருக்கு' என்று சொல்வதோடு நிறுத்தவேண்டாம். மூன்று தாய்மாரை அழைத்து, ஒரு தேநீர் கொடுத்து, அவர்களுடைய சொந்தத் தொலைபேசியில் நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து உதவாமல் பாருங்கள். அவர்களுடைய விரல் எங்கே நிற்கிறதோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள். அதற்குப் பிறகு படிவத்தை வெளியிடுவோம்.