மின்னூலின் விலையும் படிக்கும் கைகளும்



எங்கள் கொட்டகலைப் பகுதியில் நூலுக்கு உரியவர் ஒருவர், படிப்பவர் பலர். பள்ளியிலிருந்து மாணவி எடுத்துச் செல்லும் கதைநூலை அவள் தமையன் படிக்கிறான். அடுத்த காம்பராவில் உள்ள அக்காளும் படிக்கிறாள். அட்டை கிழிந்து அது திரும்பி வரும்போது, அந்த லயமே அதனைப் படித்து முடித்திருக்கும். ஆதலால், ஒரு நூலின் விலையை மதிப்பிடும்போது அதனைப் படிக்கும் கைகளை எண்ணுவது என் வழக்கம்.

மின்னூல் மலிவு என்கின்றனர். பெரும்பாலும் அது மெய்யே. தாளும் அச்சுக்கூலியும் ஏற்றுகூலியும் அதற்கு இல்லை. எழுதியவர், பிழை திருத்தியவர் ஆகியோரின் உழைப்பு மட்டும் குறைவதில்லை. எனவே அதற்கும் ஒரு விலை இருத்தல் முறையே. ஆனால், விலை கொடுத்து நாம் பெறுவது யாது? பல மின்னூல்கள் வாங்கியவரின் கணக்கோடு பூட்டப்பட்டே வருகின்றன. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அவற்றைக் கொடுத்தல் இயலாது. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வெளியிட்டவருக்கு உரிமை இல்லை என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலின் ஒரு பதிப்பை அமேசான் நிறுவனம் வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது, மன்னிப்பும் கோரப்பட்டது. எனினும், விற்ற நூலை நம் அலுமாரியைத் திறந்து எடுத்துச் செல்லும் வணிகர் உண்டோ?

பூட்டில்லாத தமிழ் நூல்களும் நிரம்ப உள்ளன. 1998 பொங்கல் முதல் மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தருகிறது. 2005 முதல் ‘நூலகம்’ ஈழத்து நூல்களையும் இதழ்களையும், அவற்றுள் மலையகத்து எழுத்துகளையும், திரட்டி வருகிறது. 2013இல் தோன்றிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளம், பிறரோடு பகிரலாம் என்ற உரிமத்துடன் நூல்களை வெளியிடுகிறது. இவற்றைப் படிக்க விலை இல்லை.

இனி, படிக்கும் கருவி. மின்மைத் திரையில் கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்விசையால் இடம் மாறி எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போதே அது மின்சாரத்தைச் செலவிடுவதால், ஒரு முறை மின்னேற்றினால் பல நாள் உழைக்கும். ஆயினும் அதன் விலை, கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கவல்லது. ஆகவே ஆராய்ந்தே வாங்குக. நான் முதலில் வாங்கியது 6 அங்குலத் திரை. எழுத்தாகத் தட்டெழுதப்பட்ட நூல்கள் அதில் தெளிவாய் இருந்தன. ‘நூலக’த்தின் படமெடுத்த பக்கங்களோ எறும்பு வரிசையாய்த் தோன்றின. பழைய இதழ்களைப் படிக்க விரும்புவோர்க்கு 10 அங்குலத் திரை வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழ் தோன்றுகிறதா, ஈபப் வடிவ நூல்களை ஏற்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுக. பாட்டும் படமும் வேண்டுவதில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருவி என்பது இன்று நம்மால் ஆகாத காரியம். பள்ளி நூலகத்தில் ஒன்று வைத்து, பகிரத்தக்க நூல்களை அதில் நிரப்பி, நூலைப் போலவே இரவல் கொடுப்பது ஆகும் காரியம். அப்பொழுது மின்னூலும் லயம் முழுவதும் சுற்றி வரும். பத்துக் கை படாத நூல் எத்துணை மலிவாயினும், எங்களுக்கு அது விலை மிகுந்த நூலே.