கோடு வரைவோரும் வேட்பாளரும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆய் அண்டிரன் பெயரோடு பேசப்படும் ஆய்க்குடியில் தேர்தல் எல்லை பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணலாம். 'வேங்கை' என்பதைச் சேர்த்துப் படித்தால் மரம். பிரித்துப் படித்தால் வேகின்ற கை. எழுத்து மாறவில்லை, பிரிப்பே பொருளை மாற்றுகிறது. தொகுதிகளின் கதையும் இதுவே.

நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எல்லைகளைத் திருத்தியது. 2008இல் அவை நடைமுறைக்கு வந்தன. சிவகாசி மக்களவைத் தொகுதி மறைந்தது. தென்காசி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவிலோடு இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் நம் தொகுதியில் அமைந்தன. தனித்தொகுதியாக இருந்த இராசபாளையம் பொதுத் தொகுதியாயிற்று. பொதுவாக இருந்த திருவில்லிபுத்தூர் தனித்தொகுதியாயிற்று. எவர் எங்கே நிற்கலாம் என்பதையே ஒரு கோடு தீர்மானித்துவிட்டது. 2019இல் தென்காசி மாவட்டம் பிறந்தபின்னும் மாவட்டத்தின் ஆலங்குளம் நெல்லை மக்களவைத் தொகுதியில்தான் வாக்களிக்கிறது.

ஆயினும் கோடு மட்டுமே வெற்றியைத் தருவதில்லை. 2004இல் தி.மு.க. அணியிலிருந்து இங்கே வென்ற இந்தியக் கம்யூனிஸ்டு கட்சி, எல்லை மாறியபின் 2009இல் அ.தி.மு.க. அணியிலிருந்து வென்றது. எல்லையும் மாறிற்று, அணியும் மாறிற்று; வென்ற கட்சி மாறவில்லை. காங்கிரசின் சார்பில் 1977 முதல் தொடர்ந்து வென்ற மு. அருணாசலம், 1996இல் தமிழ் மாநிலக் காங்கிரசின் வேட்பாளராகவும் வென்றார். அடுத்த 1998 தேர்தலில் தொகுதி அ.தி.மு.க.விடம் சென்றது. இடையில் எல்லை மாறவில்லை, காற்றுத்தான் மாறியது.

அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரை முதனிலைத் தேர்தல் வழியே வாக்காளர் தேர்ந்தெடுக்கின்றனர். அங்கும் மாநிலச் சட்டமன்றங்கள் தமக்கேற்பக் கோடு வளைப்பதுண்டு. 1812இல் மாசசூசெட்சு ஆளுநர் கெர்ரியின் பெயராலேயே அச்செயல் இன்றும் வழங்குகிறது. நம் நாட்டில் 2014இல் காங்கிரசு சில தொகுதிகளில் முதனிலைத் தேர்தலைச் சோதித்துப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது கூட்டணிப் பங்கீடு. தொகுதி எந்தக் கட்சிக்கு என்பது சென்னையில் முடிவாகிறது; வேட்பாளர் பெயர் அதன் பின்னர் வருகிறது. ஆக, கோடு ஒருவர் கையில், பெயர் மற்றொருவர் கையில். வாக்காளரின் கை மூன்றாவதாகவே நீள்கிறது.

பெயர் அறிவிப்பில் நமக்குப் பங்கில்லை எனினும் கோட்டில் சிறிது உண்டு. ஆணையம் வரைவை வெளியிட்டு, மறுப்புரைகளைக் கேட்டு, பொது அமர்வு நடத்திய பின்னரே முடிவு செய்யும். முடிவான ஆணையை நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடுவதும் எளிதன்று. எனவே பேச வேண்டிய வேளை வரைவுக்கும் ஆணைக்கும் இடைப்பட்ட சில நாட்களே.

மீண்டும் எல்லை வரையும் காலம் வரும். அப்போது எந்த ஊர் எந்த ஊரோடு சந்தையாலும் குளத்து நீராலும் பேருந்தாலும் பிணைந்துள்ளது என்று எழுதித் தர ஆள் வேண்டும். ஊரை அறிந்தும் சொல்லை அறிந்தும் இருப்போர் நீங்கள். பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் அப்பணியையும் மேற்கொள்ளுமாக என வாழ்த்தி அமைகிறேன்.