பாதம் காப்பதும் கல்வியே



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பாதத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் நாம், முள் குத்தினாலொழியப் பாதத்தைப் பார்ப்பதில்லை. நம் மக்களுக்கோ பாதம் என்பது உடல்நலத்தை மட்டுமன்றித் தன்மானத்தையும் சார்ந்தது.

நம் முன்னோர் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் ஏந்திச் சென்றனர். செருப்பைத் தைத்தவருக்கே அதை அணியும் உரிமை இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பின்னும் இவ்வழக்கம் முற்றும் ஒழியாமையால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், பொதுவிடத்தில் நம்மவர் காலணி அணிவதைத் தடுப்பதையும் குற்றமெனக் குறித்தது. சட்டம் தந்த உரிமையை உடல்நலமாக ஆக்கிக்கொள்வது நம் பொறுப்பாகும்.

வெறுங்கால் நடை விளைக்கும் தீங்கு பல. மலம் கலந்த ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு, பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகும். பின் குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். வகுப்பில் சோர்ந்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சினவாதீர்கள். அது சோகை பிடித்த பிள்ளையாக இருக்கலாம். நடவு வயலில் நாளெல்லாம் நிற்கும் தாய்மார்க்குச் சேற்றுப்புண் வருகிறது. வீடு திரும்பியதும் கால் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்தல் நன்று.

இவற்றினும் பெரும்பகை நீரிழிவு. பல்லாண்டு கட்டுப்படாத நீரிழிவு கால் நரம்புகளை மழுங்கச் செய்யும், குருதியோட்டத்தையும் குறைக்கும். அப்போது ஆணி தைத்தாலும் தெரியாது. வலி இல்லையே என்று மகிழ்வது பேதைமை. வலியே காலின் காவலன். இவ்வுண்மையை விளங்கச் செய்தவர்களுள் ஒருவர், 1914-இல் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் வந்த அவர், தொழுநோயாளரின் உணர்ச்சியற்ற காலைச் சிதைப்பவை காயமும் இடைவிடாத அழுத்தமுமே என்று காட்டினார். அதன் பயனாய் மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்புகள் வழக்கிற்கு வந்தன. இன்று நீரிழிவாளருக்கும் அவையே பரிந்துரைக்கப்படுகின்றன. ஊர் இழிவென்று ஒதுக்கிய செருப்புத் தொழில், இவ்வாறு மருத்துவத்தின் ஓர் அங்கமாயிற்று!

நாம் செய்யவேண்டியவை எளியவை. நாள்தோறும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கவேண்டும். பித்தவெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது. நகத்தை நேராக வெட்டவேண்டும். கால் ஆணியைப் பிளேடால் அறுக்கவோ, மருந்துப் பட்டை ஒட்டிக் கரைக்கவோ நீரிழிவாளர் முயலக்கூடாது. வெந்நீரில் கால் வைக்குமுன் முழங்கையால் சூடு பார்க்கவேண்டும். செருப்பை உதறியபின் அணியவேண்டும். பீடி, சிகரெட்டை விடவேண்டும்.

மேலைநாடுகளில் பாதத்திற்கென்றே பயின்ற மருத்துவர் உளர். நம் பகுதியில் அப்பணியைப் பெரும்பாலும் அரசு மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவினரும் அறுவை மருத்துவருமே செய்கின்றனர். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி உண்டா என்று பார்ப்பார்கள். கால் நாடியைத் தொட்டுக் குருதியோட்டத்தை அறிவார்கள். காய்த்த தோலைப் பக்குவமாகச் சீவி எடுப்பார்கள். நீரிழிவாளர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். புண், சீழ், கருமை கண்டால் அன்றே செல்லவேண்டும். சுண்ணாம்பும் சாம்பலும் அப்பிக் காத்திருந்தால் காலையே இழக்க நேரும். கூலிக்குச் செல்பவர் கால் இழந்தால், அவர் வீட்டுப் பிள்ளையின் படிப்பும் நின்றுபோகும் என்பதைப் பள்ளியில் இருக்கும் நாம் நன்கறிவோம்.

ஆதலின் மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறோம். இரவில் புத்தகத்தை மூடியபின் விளக்கொளியில் உங்கள் பெற்றோரின் உள்ளங்கால்களைப் பாருங்கள். குனிந்து பார்க்க அவர்களால் இயலாது. பார்த்தாலும் கண் தெளியாது. வெடிப்போ கொப்புளமோ கண்டால், மறுநாள் நீங்களே மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். சீட்டு எழுதி வாங்கவும், மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளவும் உங்கள் எழுத்தறிவு உதவட்டும். உங்களைப் பள்ளிக்கு அனுப்பிய கால்கள் அவை.