பீலிக்கரையிலும் கேட்க வேண்டும்

ஓர் ஊரின் குறையை அறிய விரும்புவோர் அவ்வூராரையே கேட்டறிதல் வேண்டும். இதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் இவ்வுண்மை நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது. தோட்டத்தின் நிலை யாது என்ற வினாவுக்குத் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் விடை கூறினர். லயத்தில் வாழ்ந்தோரின் குரல் வெளியே எட்டவில்லை.

1931 இல் வந்த சர்வசன வாக்குரிமை அக்குறையை ஓரளவு நீக்கிற்று. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊவாவிலிருந்தும் தோட்ட மக்களின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர். ஆனால் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அம்மக்களுட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து, 9,75,000 பேரில் எத்தனை பேர் எந்நாட்டுக்கு உரியர் என வகுத்தனர். வகுக்கப்பட்டோரை எவரும் கேட்கவில்லை.

கேளாமையின் விளைவு யாது என்பதற்குக் கொஸ்லந்தை மீரியபெத்தையே சான்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தெரிவித்தது. அவ்வாறாயின் மக்கள் ஏன் அகலவில்லை? தோட்டத் தொழிலாளிக்கு வேலையும் தோட்டத்தில். குடியிருக்கும் காம்பறாவும் தோட்டத்தினுடையது. 'இவ்விடம் விட்டுப் போ' என்பது அறிவித்தல். 'எங்கே போவாய்? போவதற்குத் தடை யாது?' என்பதே கேட்டல். அறிவித்தலோடு நின்றுவிட்டால் எச்சரிக்கை காகிதமாகவே கிடக்கும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. கொழுந்து நிறுக்கும் வேளையில் கூட்டம் கூட்டினால் பெண்கள் வாரார். வந்தாலும் துரை அமர்ந்திருக்கும் இடத்தில் வாய் திறவார். மாலையில் கோயில் முன்றிலிலும், பீலிக்கரையிலும், பிள்ளைக்காம்பறா வாயிலிலும் கேட்டால், எந்த வாய்க்கால் அடைபட்டது, எந்தச் சுவர் வெடித்தது, மலையில் எவ்விடத்தில் புதிதாக நீர் கசிகின்றது என்பவையெல்லாம் வெளிவரும். மலையோடு நாளும் பழகுவோர் அவர்களன்றோ!

கேட்டபின் செயலும் வேண்டும். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைகள் பணி செய்வதற்குத் தடையாயிருந்தது. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018 இலேயே வந்தது. கதவு இப்போது திறந்துள்ளது. ஆதலின், சபைக்கு வருவோர் லயத்து மக்களின் சொற்களைக் குறித்துக்கொண்டு செல்வதோடு அமையாது, அச்சொற்களுக்குரிய விடையோடு மீண்டும் அதே பீலிக்கரைக்கு வருதல் வேண்டும். அவ்வாறு மீண்டு வருவோரிடமே மக்கள் அடுத்த முறையும் மனந்திறந்து பேசுவர்.