அம்மாவுக்குச் சொல்லாமல் விட்ட ஊசி



2022இல் இங்கே இலண்டனில் என் அம்மாவுக்கு மேல்வயிற்றில் நோ வந்தது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தொடங்கி முதுகுக்குப் போகும். வாய்வு என்று மல்லித்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. கண் மஞ்சளித்த பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனோம். ஸ்கானில் பித்தக்குழாய் விரிந்திருப்பது தெரிந்தது, காரணம் தெரியவில்லை. கல்லாக இருக்கலாம், சதையியில் கட்டியாகவும் இருக்கலாம் என்றார் வைத்தியர்.

எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் செய்யச் சொன்னார். சதையி இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து ஸ்கான் பண்ணினால் குடலிலுள்ள வாயு ஒலியலையை மறித்துவிடும். ஆகவே வாய்வழியாக விடும் கமராக் குழாயின் நுனியிலேயே சின்ன ஸ்கான் கருவியைப் பொருத்தி, உள்ளே நின்று பார்க்கிறார்கள். பக்கத்து அறைச் சத்தத்தைச் சுவரில் காது வைத்துக் கேட்பதுபோல. சில மில்லிமீற்றர் கல்லும் தெரியும். சந்தேகமான இடம் இருந்தால் அதே குழாயால் மெல்லிய ஊசி விட்டுக் கலங்களை எடுக்கலாம். சதையி அழற்சிக்குப் பின் தேங்கும் நீரை இரைப்பைக்குள் வடியவிடவும் இதே வழிதான்.

மொழிபெயர்த்தது நான். "சின்னக் கமரா விட்டுப் பாப்பினமாம் அம்மா" என்றேன். ஊசியைச் சொன்னால் புற்றுநோய் என்று யோசிப்பா. ஊசியை மறைத்ததால், அதற்காக இருதயக் குளிசையை நிறுத்துவது பற்றிய பேச்சையும் விழுங்கிவிட்டேன்.

குறித்த நாளில் தாதி தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்தா. அவர் எல்லாவற்றையும் சொன்னார். "குளோபிடோகிரெல் இண்டைக்குக் காலமையும் போட்டனான்" என்றா அம்மா. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசை. ஊசி தேவைப்பட்டால் இரத்தம் கசியலாம். மஞ்சள் குறைந்திருந்தபடியால் பத்து நாள் தள்ளிப்போட்டார்கள். அந்தப் பத்து நாளும் நான் நித்திரை கொள்ளவில்லை.

காரில் அம்மா கேட்டா: "செல்லடிக்குள்ள உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். ஒரு ஊசிக்குப் பயப்பிடுவன் எண்டே நினைச்சனீ?"

இருதய வைத்தியர் சம்மதித்த பிறகு ஏழு நாள் குளிசையை நிறுத்தினோம். நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள், இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது ஆபத்து. ஆறு மணித்தியாலம் சாப்பாடில்லை. மயக்கம் தரும் மருந்து கொடுத்துச் செய்தார்கள். கட்டி இல்லை, குழாயின் அடியில் நாலு மில்லிமீற்றர் கல். ஊசியே தேவைப்படவில்லை! கல்லை வேறொரு நாள் இன்னொரு கமரா முறையில் எடுத்தார்கள். இந்தச் சோதனைக்குப் பிறகு காய்ச்சல், கடும் வயிற்று நோ, கறுப்பு மலம் இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும்.

இங்கிலாந்தில் அரச வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளருக்குக் காசில்லை. முதலே கேட்டு வையுங்கள். எங்கள் பிள்ளைகள் பத்து வயதிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள், பாவங்கள்.

இப்போது அம்மாவே வரவேற்பு மேசையில் போய் "தமிழ் இன்ரர்பிரிற்றர் பிளீஸ்" என்கிறா. நான் பக்கத்தில் பேசாமல் இருக்கிறேன்.